மெத்தைக் கடைச் சுவரும் அந்த ஒரு வரியும்

அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நல்ல சுகம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், இன்னும் சாப்பிடவில்லை என்றால் இதை மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வா. போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய், கடைசியில் இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டு வைத்துவிடுவோம், போன வாரம் ஆன மாதிரி. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அந்த வசதிக்காகத்தான்.

புது மெத்தைக் கடை நல்லபடியாகத் திறந்தாயிற்று. கூட்டத்துக்குக் குறைவில்லை, ஒரு பெரியவர் மெத்தை எப்படி என்று படுத்துப் பார்த்தவர் குறட்டையே விட்டுவிட்டார், எழுப்ப மனசு வரவில்லை, இதைவிட விளம்பரம் உண்டா. நீ வரைந்து கொடுத்த பூனை, அதுதான் மெத்தைமேல் சுருண்டு தூங்குமே, அதைப் போனில் பார்த்தபோது நீலம் கண்ணைப் பறித்தது. அதே நீலம் கடைப் பையில் அச்சாகி வந்தபோது பழைய சட்டை மாதிரி வெளுத்துக் கிடந்தது. நான் விடுவேனா, மையில் தண்ணீர் ஊத்தினீங்களா என்று பிரஸ்காரரை ஒரு வழி பண்ணிவிட்டேன். அப்புறம்தான் நீ சொன்னாய், திரையில் நிறம் வெளிச்சத்தால் வருகிறது, தாளில் மையால் வருகிறது, இரண்டும் ஒன்று போல வராது, தாளுக்கென்று தனியாகக் கலக்கவேண்டும் என்று. கலந்தும் கொடுத்தாய், பை இப்போது ஜோராக இருக்கிறது. பிரஸ்காரருக்கு இரண்டு தலையணை கொடுத்தேன், மனிதர் சமாதானமாகிவிட்டார்.

சுவர்க் கதையைத்தான் நீ போட்டோவில் பார்த்துச் சிரித்தாய், நேரில் பார்த்திருந்தால் உருண்டிருப்பாய். பிரஸ்ஸுக்கு நீ அனுப்பினதையே நான் சுவர் எழுதுகிற பெயிண்டருக்கும் தள்ளிவிட்டுச் சரக்கு எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பூனை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நாலு மூலையிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு, நாலு பக்கமும் நடுவில் வட்டம் போட்டு அதற்குள் கூட்டல் குறி, கீழே வரிசையாக நிறம் நிறமாகக் கட்டம். பிரஸ்காரர் தாளை எங்கே வெட்டணும், நிறத்தை எப்படிப் பொருத்தணும் என்று பார்ப்பதற்காக ஓரத்தில் போட்ட அடையாளம் எல்லாம் ஆளுயரத்துக்குச் சுவரில் நிற்கிறது. பெயிண்டரோ ஏணியை விட்டு இறங்கி, ஒரு புள்ளி விடலம்மா, அந்த வட்டத்துக்குத்தான் இடுப்பே போச்சு என்கிறார் பெருமையாக. எதிர் சலூன்காரர் எட்டிப் பார்த்து, என்னக்கா பூனையைச் சுடறதுக்குக் குறி வெச்சிருக்கீங்களா என்றார். உன் அப்பா அதற்கும் மேலே, இருக்கட்டும் விடு, வர்றவங்க பந்தெறிஞ்சு விளையாடட்டும் என்கிறார். மறுநாள் திறப்பு, சுண்ணாம்பு அடித்து மறைத்தால் காய நேரமில்லை.

நீ சிரித்து முடித்து, எதையும் அழிக்காதீங்க என்று சொல்லிவிட்டு, தாளில் பிரஷ் பிடித்து வரைந்து போனில் அனுப்பினாய் பார், அதை நான் பெயிண்டர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூலைக் கோடு மெத்தை ஓரத்துத் தையலாகிவிட்டது, வட்டம் மெத்தையில் பதிகிற பொத்தானாகிவிட்டது, நிறக் கட்டமெல்லாம் குட்டிக் குட்டித் தலையணை. பொண்ணு இதைக் கம்ப்யூட்டர்ல போடல, கையால போட்டிருக்கு, எங்க அழுத்தணும் எங்க விடணும்னு எனக்குப் பார்த்ததும் புரியுது என்று பெயிண்டர் சொல்லிச் சொல்லி வேலை செய்தார். சலூன்காரர் இப்போது தன் கடைக்கும் ஒரு பூனை கேட்கிறார், கத்தரி பிடித்த பூனையாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெரிய கம்பெனி கூப்பிடுகிறது, ஆனால் ஒப்பந்தத்தில் திரைக்கு மட்டும்தான் வரையணும், அச்சு வேலையோ பிரஷ் வேலையோ வெளியே யாருக்கும் செய்யக்கூடாது, வீட்டில் உட்கார்ந்துகூடக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது, என்னம்மா செய்யட்டும் என்று கேட்டாய். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான், பேசாமல் கையெழுத்துப் போடு என்றேன், நீ பட்டென்று போனை வைத்தாய். அந்தச் சுவரைத் தினமும் பார்த்துக்கொண்டு யோசித்தேன். பிரஸ் வேலை தெரியாதவளுக்கு அந்த வட்டம் என்னவென்றே தெரிந்திருக்காது, பிரஷ் பிடிக்காதவளால் பெயிண்டருக்குச் சொல்லிப் புரியவைத்திருக்க முடியாது. நானே பழைய கடையில் மெத்தை மட்டும் விற்றிருந்தால் எப்போதோ கடையை மூடியிருப்பேன், தலையணை உறை வாங்க வந்தவர்கள்தான் எனக்கு மெத்தை வாங்கினார்கள். திரை, அச்சு, பிரஷ் என்று உன்னிடம் இருக்கிற மூன்று சரக்கில் இரண்டுக்குப் பூட்டுப் போடச் சொல்கிறவன் உன்னை முழுசாக வாங்கவில்லை, ஆனால் முழுசாகக் கட்டிப்போடப் பார்க்கிறான்.

அதற்காக வேலையே வேண்டாம் என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிடாதே. உன்னை அவர்களாகத்தானே தேடி வந்தார்கள், தேடி வந்தவன் கொஞ்சம் இறங்குவான். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டுக் கொடுங்கள், உங்கள் நேரத்தில் உங்கள் வேலை, என் நேரத்தில் என் வேலை என்று சிரித்த முகமாகக் கேள். அடித்தால் போடு கையெழுத்து. அடிக்கமாட்டேன் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வா, அம்மா திட்டுவாளோ என்று வழியில் நின்று யோசிக்காதே, திட்டமாட்டேன். உன் அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன், தலையாட்டினார், நம் வீட்டில் அது பெரிய பேச்சு.

தொட்டதெல்லாம் துலங்க, கையும் கண்ணும் நோகாமல் நீ நன்றாக இருக்கணும். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே, அந்த வரியை அடிக்கச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார். எதிராளி பேசாமல் இருக்கிறானே என்று பயந்து நீயாக இறங்கிப் பேசினால் பேரம் போச்சு. உனக்குக் கஷ்டம்தான், என் வயிற்றில் பிறந்தவள் ஆயிற்றே, தண்ணீர் கொடுத்தால் மெதுவாகக் குடித்துக்கொண்டிரு.

இப்படிக்கு,
உன் அம்மா