இருளப்பன் என்ன குடிப்பார்?

கோலாலம்பூர்
3 மே 2024

அன்பு ஹஃபீசா,

நலமா? ரிங்லெட் மலையில் மழை விட்டதா?

நான் பானம் கலக்கும் ஹோட்டல் பாரில் எனக்கு இப்போது ஒரு பெயர் உண்டு. கேட்கும் பானத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். மொஹிட்டோ கேட்பவர் பேச்சுத்துணை தேடுபவர். கசக்கும் நெக்ரோனி கேட்பவர் லேசில் யாரையும் மன்னிக்க மாட்டார். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

அப்பா இன்னும் உன் கடையில் அதே கோப்பி ஓ கோசோங்தானா? பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. தனக்கே ஒரு கரண்டி சீனி கொடுக்காதவர் எனக்கு எதைக் கொடுப்பார்? "சாராயம் ஊத்துற வேலைக்கா போற? எம் மூஞ்சில முழிக்காத" என்றவர், இரண்டு வருஷமாகப் பேசவில்லை.

உன் ரூபினி

ரிங்லெட்
15 மே

என் ரூபினிக்கு ஹஃபீசாவின் சலாம்.

எழுத இவ்வளவு நாளா? உன்மேல் எனக்குக் கோபம்தான்.

இருளப்பன் அங்கிள் தினமும் வருகிறார். தோட்டத்துக் கங்காணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதே நேரம், அதே மேசை. வாசலில் தலை தெரிந்ததுமே கோப்பியை வைத்துவிடுவேன். நேற்று திடீரென்று கேட்டார்.

"பீசா, அவ வேல செய்ற எடத்துல எந்த மாதிரி ஆளுங்கள உள்ள விடுவாங்க?"

"யாரு வேணா போலாம் அங்கிள். நல்ல சட்டையா போட்டா போதும்லா."

கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். தப்பாக எதுவும் சொல்லிவிட்டேனா?

ஹஃபீசா

கோலாலம்பூர்
24 மே

ஹஃபீசா,

அப்பா வந்தார்.

தீபாவளிச் சட்டை போட்டுக்கொண்டு, உயர நாற்காலியில் சிரமப்பட்டு ஏறி உட்கார்ந்தார். எல்லோரையும் கேட்பதுபோல, "என்ன குடிக்கிறீங்கப்பா?" என்றேன்.

பாரைச் சுற்றிலும் பார்த்தார். பிறகு யாருக்கோ போய்க்கொண்டிருந்த, அன்னாசித் துண்டு செருகிய கிளாசைக் காட்டினார். "அது. சாராயம் இல்லாம."

அன்னாசிச் சாறும் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் குலுக்கினேன். என் கைகளையே பார்த்தார். அடிவரை உறிஞ்சிக் குடித்தார். "இன்னொன்னு போடு" என்றார்.

"ஒங்களுக்குச் சீனி பிடிக்காதேப்பா?"

"யாரு சொன்னா? வேலைக்குச் சேந்தப்ப கறுப்புக் கோப்பிதான் குடுத்தாங்க, குடிச்சேன். அப்புறம் எல்லாரும் அதையே வெச்சாங்க. என்ன வேணும்னு இன்னிக்கு நீதாம்மா கேட்ட."

ஹஃபீசா, ஊரையே படித்தவள் நான்; இந்த மனிதரை ஒருநாளும் பார்த்ததில்லை. கிளம்பும்போது என் கையைத் தொட்டவர், "இப்படி ஜில்லுனு இருக்கே" என்று தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

ரூபினி

ரிங்லெட்
30 மே

ரூபினி,

உன் கடிதத்தைப் படித்து அடுப்படியில் நின்று அழுதேன். கேட்காமலே வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

இன்று காலை கோப்பி போடவில்லை. அவர் மேசைக்குப் போய், "என்ன குடிக்கிறீங்க, அங்கிள்?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "என்னென்ன இருக்கு, பீசா?"

நுரை பொங்க ஆற்றிய தே தாரிக், இஞ்சி போட்ட தே ஹாலியா, ரோஜா மணக்கும் பால் பண்டோங், மைலோ ஐஸ் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடை நிறைய ஆள். யார் கூப்பிட்டும் நான் நகரவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார்.

ஹஃபீசா