நெப்ராஸ்கா சிறையில் ஆள் நிற்பதில்லை

ஜனவரி 8
புதுக் காவலர் டெலன் மதியச் சாப்பாட்டுக்குப் போனான். திரும்பவில்லை. அவனை வரவேற்க வாங்கிய கேக்கை நாங்களே தின்றோம். கைதிகள் தப்பாமல் பார்ப்பதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். காவலர்களல்லவா தப்புகிறார்கள்!

ஜனவரி 10
கண்காணிப்பாளர் ஹால்வர்சன் கூப்பிட்டார். "வெர்னா, இனிமே ஆளுங்களை நிக்க வைக்கிறது உன் பொறுப்பு."
"எப்படி சார்?"
"அன்பா நடந்துக்கோ."
நேற்று வீட்டுக்குக் கிளம்பிய என்னை அடுத்த ஷிப்டுக்கும் பிடித்து நிறுத்தியவர் இவர்தான்.

ஜனவரி 15
போன மாதம் வேலையை விட்டு விலகிப்போன காவலர் ரூடிக்குப் போன் செய்தேன். கைதிகளைக் கண்டு பயமா என்றேன்.
"கைதிக்காவது எப்ப வீட்டுக்குப் போவோம்னு தெரியும் மேடம். எனக்கு அதுகூடத் தெரியலை. என் நாயே என்னைப் பாத்துக் குரைக்குது."
சிரித்தேன். போனை வைத்ததும் அழுகை வந்தது. என் கணவர் மிலோஷிடம் நான் கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினேன்? என்னைக் கல்யாணம் செய்த மனுஷனா, வாடகைக்கு இருப்பவரா அவர்?

ஜனவரி 16
ஹால்வர்சனிடம் சொன்னேன்: கூடுதல் ஷிப்ட் யாருக்கு என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அலுவலகத்தில் இருப்பவர்களும் முறை எடுக்கட்டும்.
"கேக் பெருசா வாங்கிப் பாரேன்" என்றார்.

ஜனவரி 22
பனிப்புயல். பாதிப் பேர் வரவில்லை. ஹால்வர்சனே சீருடை மாட்டிக்கொண்டு காவலுக்கு வந்தார். இடுப்புப் பொத்தான் சேரவில்லை. இதுவரை அவரைப் பார்த்தேயிராத பர்ல் என்ற கைதி, "புதுசா சார்? வெள்ளிக்கிழமை வரைக்குமாவது தாங்குவீங்களா?" என்றான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.
ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்ப மேல்கோட்டை எடுத்தார். வழிமறித்தேன்.
"அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரலை. நீங்கதான் நிக்கணும்."
"இன்னிக்கு என் பொண்டாட்டி பொறந்தநாள், வெர்னா!"
"எல்லார் வீட்லயும் ஏதோ ஒண்ணு இருக்கத்தான் செய்யுது சார்."
ஐயோ, சொல்லிட்டேனே! வேலை போச்சு. போகட்டும்.

ஜனவரி 23
வேலை போகவில்லை. அவர் என்னோடு பேசவில்லை. இரண்டு ஷிப்டும் நின்றதில் நொண்டுகிறார்.

பிப்ரவரி 2
இந்த மாதம் முழுவதற்குமான கூடுதல் ஷிப்ட் முறை இன்றே ஒட்டப்பட்டுவிட்டது. அதில் ஹால்வர்சனும் இருக்கிறார்! எப்படி மனம் மாறியது என்றேன். "என் பொண்டாட்டிகிட்ட நீ பேசிப் பாத்திருக்கியா?" என்றார்.

பிப்ரவரி 27
இந்த மாதம் ஒருவரும் விலகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கண் பட்டுவிடும்.

மார்ச் 6
ஷிப்ட் முடிந்தது, வீட்டுக்கு வந்தேன். வெயில் இன்னும் இருந்தது. மிலோஷ் கரண்டியோடு ஓடிவந்தார், முகம் வெளுத்து.
"என்னாச்சு? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"
"வேலை நேரம் முடிஞ்சுது, வந்துட்டேன்."
"எனக்கு மட்டும்தானே சமைச்சேன்..." என்று விழித்தார்.
வாணலியில் இன்னும் இரண்டு முட்டை உடைத்து ஊற்றினேன்.