கிழங்கு மாவில் என் கை

மல்லசமுத்திரம்
ஜனவரி 6, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பிரவீனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கடிதத்தைப் பார்த்ததும் பயந்துபோய் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. ஒழுங்காக இங்கிருந்தே படி. போனில் பேசினால் ஆகாதா என்று உன் சித்தி கேட்டாள். போனில் என்னால் முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் உன் படத்தைப் பார்த்தேன். ஒரே நாளில் இரண்டு தடவை.

பத்து நாளைக்கு முன் ஒரு பெண் போன் செய்தாள். ஷைமா என்று பெயர். செவ்வாய்ப்பேட்டையில் அரிசி மண்டி வைத்திருக்கும் நசுருல்லாவின் மகள். நண்பர்கள் நான்கு பேரோடு சேர்ந்து சர்வதேச அனிமேஷன் குறும்பட விழா ஒன்றைச் சேலத்திலேயே நடத்துவதாகச் சொன்னாள். இருபத்தாறு நாட்டுப் படங்கள். எந்தக் கம்பெனியும் பின்னால் இல்லாமல் அவரவர் சொந்தமாக எடுத்தவை. “பிரவீனா மேடம் படமும் வருதும்மா. டைரக்டர் வர முடியலன்னா பதிலுக்கு யாரு வருவாங்கன்னு ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கும். அதுல உங்க பேரும் நம்பரும்தான் போட்டிருக்காங்க,” என்றாள்.

அவள் வைத்த பிறகும் நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். ‘மாவு வேண்டும்’, ‘பார்சல் வந்தது’ என்பதைத் தவிர நான்கு வருடமாக நீ எனக்கு எதுவும் எழுதியதில்லை. அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாய். என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும் போலிருக்கிறது.

துணைக்குச் சித்தியை அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்கு முழங்கால் வலி குறையவில்லை. ஆனால் வெளியே கிளம்புவதென்றால் வலி தெரிவதில்லை. இடம் அம்மாபேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, அதனால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் கொடுத்தார்களாம். வாசலில் சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டும் வைத்திருந்தார்கள். நம் சுகன்யா கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு ஒழுங்காக வைக்கவில்லை. மணவறை இருக்க வேண்டிய மேடையில் பெரிய வெள்ளைத் திரை. உன் அப்பா போன பிறகு மண்டபம் என்றாலே எனக்குக் கடைசி வரிசைதான். சுகன்யாவைக்கூடக் கீழே நின்றபடியேதான் வாழ்த்தினேன். இங்கும் கால் தானாகவே பின்னால் போனது. ஷைமா என் முழங்கையைப் பிடித்து, “உங்க சீட்டு முன்னாடிம்மா, பேர் ஒட்டியிருக்கு,” என்று முதல் வரிசையில் உட்கார வைத்தாள்.

“ஏனுங்கக்கா, பொம்மப் படம் பாக்கவா இத்தன பெரிய ஆளுக வந்திருக்காங்க? கொழந்தையே ஒண்ணக் காணோம்,” என்றாள் சித்தி. எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? நீ எஸ்டோனியாவில் படிக்கப் போனபோது, பொம்மை போடுவதற்கு இத்தனை தூரமா என்று நான் கேட்டதை நீ மறந்திருக்க மாட்டாய்.

முதல் அரைமணி நேரத்திலேயே அந்தக் கேள்விக்காக வெட்கப்பட்டேன். சிலி நாட்டுக்காரர் ஒருவர் பழைய கம்பளி நூலால் ஒரு கடலையே செய்திருந்தார். அலை வந்தபோது சித்தி காலைத் தூக்கிக்கொண்டாள். ஈரானிலிருந்து ஒரு பெண் கண்ணாடிமேல் மையால் வரைந்திருந்தாள். ஒரு கிழவனார் பேருந்துக்குக் காத்துக் காத்து அங்கேயே வேர்விட்டு மரமாகிறார். அவர் தோளில் ஒரு குருவி வந்து உட்கார்ந்ததும் மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. படத்தில் ஒரு சொல் இல்லை, ஒரு விளக்கம் இல்லை. கான்வென்ட் ஹாஸ்டலில் சின்ன வயதில் முதன்முதலாக ஆர்கன் இசை கேட்டபோது எனக்கு முதுகு சிலிர்த்தது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

ஆறாவதாக உன் படம். திரை முழுவதும் கறுப்பு. அதன்மேல் மெல்ல ஒரு வெள்ளைத் தூள் விழுந்தது. முதலில் உங்கள் ஊர்ப் பனி என்று நினைத்தேன். அது ஒதுங்கி ஒதுங்கி வரி வரியாக ஆனது. நம் ஜவ்வரிசி ஆலையின் களம். மாவு காய்கிற களம். வேலையாட்கள் காலால் தள்ளித் தள்ளி விடுகிற அந்தக் கோடுகள். “அக்கா, நம்ம சேகோ ஆலைங்க! நம்ம களமுங்க!” என்று சித்தி கத்தினாள். பின்னாலிருந்து உஸ் என்றார்கள்.

அது என் மாவு என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. படம் முடிந்த பிறகு ஷைமாதான் சொன்னாள். கறுப்புத் தகட்டின்மேல் கிழங்கு மாவைப் பரப்பி, தூரிகையாலும் விரலாலும் கொஞ்சம் ஒதுக்கி, மேலிருந்து ஒரு போட்டோ. மறுபடி கொஞ்சம் ஒதுக்கி இன்னொரு போட்டோ. ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு. அடுத்ததைச் செய்ய முந்தையதை அழித்தாக வேண்டும். கடைசியில் கையில் மிஞ்சுவது அதே கிண்ணம் மாவுதான்.

வருடத்துக்கு இரண்டு தடவை நீ மாவு கேட்பாய். அந்த ஊரில் உட்கார்ந்து என்ன அப்பம் சுடுகிறாளோ, இத்தனை மாவையும் ஒருத்தியாகவே தின்கிறாளோ என்று நானும் சித்தியும் பேசிக்கொள்வோம். ஒரு தடவை கஸ்டம்ஸில் வெள்ளைத் தூளைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நிறுத்தி வைத்தார்களே, அப்போது ‘இது உண்ணத்தக்க மரவள்ளி மாவு, என் மகளின் சமையலுக்கானது’ என்று நல்ல ஆங்கிலத்தில் நானே கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பொய் சாட்சி சொல்ல வைத்துவிட்டாய். இரண்டாம் தரம் போதும் என்று நீ முதலிலேயே எழுதியிருந்தாய். இரண்டாம் தரத்தை என் பெண்ணுக்கு அனுப்புவதா என்று முதல் தரத்தையே மல் துணியில் இரண்டு தடவை சலித்து அனுப்பினேன். அது அத்தனை நைசாக இருந்ததால்தான் முகத்தில் சுருக்கம்கூட வரைய முடிந்தது என்று நீ விழாப் புத்தகத்தில் எழுதியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன். உன் அப்பா கட்டிலில் படுத்திருக்கிறார். மார்பு ஏறி இறங்குகிறது. பிறகு ஏறவில்லை. அவர் உடம்பு முழுவதும் மாவாகச் சரிந்து தரையில் பரவிக் களமாகிறது. அந்தக் களத்திலிருந்தே ஒரு கை எழுந்து வருகிறது. போனை எடுக்கிறது. வைக்கிறது. மறுபடி எடுக்கிறது. வைக்கிறது. மூன்றாம் தடவையும் எடுக்கிறது. வைக்கிறது.

“அக்கா, அது உங்க கையிங்க. அந்த மொடக்கு வெரலப் பாருங்க,” என்றாள் சித்தி. இந்தத் தடவை கத்தவில்லை.

ஹாஸ்டலில் த்ரோபால் விளையாடி வளைந்த மோதிர விரல். அதை நீ எந்த நாளில் அப்படி உற்றுப் பார்த்தாய்?

அந்த மூன்று நாளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. அப்பா போனது செவ்வாய்க்கிழமை. உனக்கு வியாழக்கிழமை கடைசிப் பரீட்சை. “பொண்ணு வார வரைக்கும் ஐஸ் பெட்டில வெச்சிருக்கலாமுங்க,” என்று உன் சித்தப்பா தனபால் கெஞ்சினார். வேண்டாம், அவள் பரீட்சையை முடிக்கட்டும் என்றேன். மறுநாளே எல்லாம் முடிந்துவிட்டது. உனக்கு வியாழன் மாலைதான் சொன்னேன். “பரீட்சைய மறுபடி எழுதலாம்மா. அப்பாவ?” என்று கேட்டுவிட்டு நீ வைத்துவிட்டாய். வந்தாய், பதினாறாம் நாள் காரியம் வரை இருந்தாய், போனாய். அவ்வளவுதான்.

படம் முடிந்து விளக்கு போட்டதும், எடுத்தவர்கள் மேடையேறிப் பதில் சொல்வது இந்த விழாக்களில் வழக்கமாம். ஷைமா என்னைக் கூப்பிட்டாள். நான் எழவில்லை. வெள்ளைச் சேலையோடு மணவறை மேடையில் ஏறுவதா? சித்தி என் இடுப்பில் ஒரு குத்து விட்டாள். “போங்கக்கா. இங்க எந்தப் பொண்ணு மாப்பிள்ளைக்கு என்ன ஆயிரப்போவுது? உங்க மவ படமுங்க அது,” என்றாள். ஏறினேன்.

முதல் இரண்டு கேள்விகள் மாவைப் பற்றி. ஈர மாவு எத்தனை நாள் காயும், எப்படிச் சலிப்பது என்று கேட்டார்கள். நன்றாகவே பதில் சொன்னேன். மூன்றாவதாக ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். திருச்செங்கோட்டுப் பக்கம் போல, பேச்சிலேயே தெரிந்தது. “அந்தம்மா ஏனுங்க பேசாமயே போன வெச்சர்றாங்க? அவ்வளவு கல்நெஞ்சுங்களா?” என்றாள்.

மண்டபம் முழுக்க இருநூறு பேராவது இருப்பார்கள். அது நான்தான் என்பது ஷைமாவுக்கே தெரியாது. அது டைரக்டரின் கற்பனை என்று சொல்லியிருக்கலாம். பரீட்சை என்று சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் அதைத்தானே நம்பிக்கொண்டிருக்கிறது? பதிலுக்கு ஆள் என்று நீ என் பெயரை எழுதியிருந்தாய். பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

“கல்நெஞ்சு இல்லை. பயம்,” என்றேன். “பரீட்சை என்பது பிற்பாடு கண்டுபிடித்த காரணம். அந்த அம்மா நான். மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதினொரு தடவை போனை எடுத்தேன். மகள் அழுவதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்குத் தெரியாத வரைக்கும் அவள் ஊரில் அவள் அப்பா உயிரோடு இருந்தார். அதைக் கெடுக்க என் வாய் வரவில்லை. தப்புத்தான். என்னுடைய தப்பு.”

இவ்வளவையும் முதன்முதலாக உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அம்மாபேட்டையில், முன்பின் தெரியாதவர்களிடம் சொன்னேன். அந்தப் பெண் உட்காரவே இல்லை. நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்தி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் அதுவரை தெரியாது.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். பதினொரு தடவை என்பது வேண்டுமானால் உனக்குத் தெரியாது. மூன்று தடவைதான் காட்டியிருக்கிறாய். ஆனால் நான் போனை எடுத்தேன் என்பதே எப்படித் தெரியும்? சாத்திய கதவு. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நீ என்மேல் கோபமாக இருந்துகொண்டே, இத்தனை தூரத்தில் இருந்துகொண்டே, அந்த அறைக்குள் வந்து பார்த்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இதை நினைத்தால் எனக்குக் கையிலிருக்கும் வேலை நின்றுவிடுகிறது.

மாலை நான்கு மணிக்கு மறுபடி போட்டார்கள். சித்தி டீ குடிக்கப் போய்விட்டாள், நான் போகவில்லை. இந்தத் தடவை கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். குறைகளைச் சொல்லாமல் விட்டால் நான் உன் அம்மா இல்லை. உன் அப்பா செருப்போடு களத்தில் கால் வைக்கமாட்டார். நீ அவர் காலில் செருப்பை வரைந்திருக்கிறாய். போன் இருந்தது ஜன்னலுக்கு இடப்பக்கம். மூன்றாவது, நான் போனை வைத்துவிட்டு நேராகக் களத்துக்கு வேலைக்குப் போவதாகக் காட்டியிருக்கிறாய். போகவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரை.

ஏழு நிமிடப் படம். விழாப் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐயாயிரத்து நாற்பது தடவை நீ அந்தத் தகட்டின்மேல் குனிந்திருக்கிறாய். என் கை ஒரு தடவை போனுக்குப் போய்த் திரும்ப நான்கு விநாடி ஆகிறது. அதற்கு நாற்பத்தெட்டு தடவை நீ என் கையைத் தொட்டிருக்கிறாய். மூன்று முறைக்கு நூற்று நாற்பத்துநான்கு. ஒவ்வொரு தடவையும் அந்த வளைந்த விரலைச் சரியாக வளைத்திருக்கிறாய்.

நான் உன் கையைத் தொட்டு நான்கு வருடமாகிறது.

சின்ன வயதில் களத்தில் காய்ந்த மாவில் நீ விரலால் மயில் வரைந்தாய். சாப்பிடுகிற பொருள் என்று ஸ்கேலால் புறங்கையில் அடித்தேன். எந்தக் கையில் என்று எனக்கு நினைவில்லை. உனக்கு இருக்கும்.

இந்த வருடம் கிழங்கு நன்றாக வந்திருக்கிறது. ஆத்தூர்ப் பக்கமிருந்தும் லாரி லாரியாக இறங்குகிறது. நேற்றிலிருந்து களத்தில் மாவு பரப்பியிருக்கிறார்கள். கிழக்கு மூலையில் ஒரு பாத்தி அளவுக்கு ஒருவரும் கால் வைக்கக் கூடாது என்று தனபாலிடம் சொல்லியிருக்கிறேன். அவரே சுற்றிலும் கயிறு கட்டிவிட்டார்.

உனக்கு மாவு தீர்ந்திருக்கும். பார்சல் போடுகிற மாதம் இது. சலித்து வைத்துவிட்டேன், முதல் தரம்தான், டின் மாடி அறையில் இருக்கிறது. இந்தத் தடவை நான் அனுப்பப் போவதில்லை. வந்து எடுத்துக்கொண்டு போ.

கண்ணும் கையும் நோகாமல் நல்லபடியாக இரு, சாமி.

உன் அம்மா,
சௌந்திரம்