காவடியைச் சாட்சியாக்கிய டாக்டர்

விய வருடம், ஆவணி, செவ்வாய்.

தணிகை வேலவா, என் சினத்தைப் பொறுத்தருள்வாய்.

ரயில்வே இஞ்சின் ஷெட்டில் பதினெட்டு ஆண்டுகள் கரித்தூளைச் சுவாசித்து நெஞ்சு கெட்டவன் என் மகன். அவனுடைய நஷ்டஈட்டு மனு இன்று விசாரணைக்கு வந்தது. சாட்சி சொல்லச் சென்ற என்னை ரயில்வே டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டான்: "ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கினு மலை ஏறினானாமே, பெரியவரே? சீக்காளி ஏறுவானா?"

"ஏறினான்" என்றேன். படிக்குப் படி உட்கார்ந்து கறுத்த சளி துப்பியதைச் சொல்லவில்லை. நேர்த்திக்கடனில் பட்ட துன்பத்தை வாய்விட்டுச் சொன்னால் பலன் போய்விடும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். நுரையீரலில் குறையில்லை என்று டாக்டர் எழுதினான், மனு தள்ளுபடியாயிற்று.

"ஏன் நைனா சும்மா இருந்தீங்க?" என்றான் மகன், இருமலுக்கு நடுவே.

நாளை விசாரணை அதிகாரியிடம் மறுபடி சென்று, மனுவைத் திரும்ப எடுக்கக் கேட்டு, யாவும் சொல்வேன். பலன் போகட்டும். இதைப் படிப்பவர் இல்லத்தை முருகன் காக்க. அந்த டாக்டரின் இல்லத்துக்காக நான் வேண்டமாட்டேன்.