கல்யாண கேசட்டில் ஒன்பது ராக் பாட்டு

மார்ச் 10, செவ்வாய்

வெயில். தங்கா பத்துவில் கடல் காற்றுகூட இல்லை. மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மதியம் நேற்றைய சாம்பார். ஒரு ஆளுக்குச் சமைப்பதைப் போலத் தொல்லை வேறில்லை.

ஜொகூரிலிருந்து மகள் கவிதா போன். "அப்பா, ஞாயித்துக்கெழம வரோம். அம்மா வருச திதிக்கு உங்க கல்யாண டின்னர் வீடியோ போடணும். அம்மா மைக்ல பேசுனாங்கன்னு சொல்வீங்கள்ல. பாப்பா அவங்க கொரலையே கேட்டதில்லப்பா."

"சரிம்மா" என்றேன். வாய் சொல்லிவிட்டது.

சரோஜாவுக்குத் தொண்டை ஆபரேஷன் ஆனபின் பன்னிரண்டு வருடம் பேச்சே இல்லை. போனில் இருக்கும் வீடியோவில் எல்லாம் கையைத்தான் ஆட்டுகிறாள். குரல் இருந்தது அந்த டின்னர் கேசட்டில் மட்டும்.

அதை அழித்தவன் நான்.

மார்ச் 11, புதன்

எரிவாயு சிலிண்டர் சொல்லவேண்டும். கரண்ட் பில். முட்டி வலி மருந்து.

அலமாரியில் இரண்டு கேசட்டும் கிடைத்தன. இரண்டுக்கும் ஒரே தங்க நிற அட்டை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கவிதா தொட்டிலில் இருந்த சமயம். நீள முடி வைத்த ராக் பாடகர்களை இனி டிவியில் காட்டமாட்டார்கள் என்று பேச்சு. அன்று சாயங்காலம் பழைய ராக் வீடியோக்களை வரிசையாகப் போட்டார்கள். எனக்கும் அப்போது தோள்வரை முடி. காலி கேசட் கைவசம் இல்லை. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் பெண் வீட்டுக்கென்று ஒரு காப்பி தருவது வழக்கம். இரண்டாவது கேசட் அதுதான் என்று நினைத்தேன். மேலே பதியமுடியாதபடி வீடியோக்காரர் மூலையில் பிளாஸ்டிக்கை உடைத்துக் கொடுத்திருந்தார். அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டிப் பதிந்தேன். கெட்டிக்காரத்தனம்.

மறுவாரம்தான் தெரிந்தது. முதல் கேசட்டில் தாலி கட்டு, முழுக்க மேளச் சத்தம். டின்னர் இரண்டாவதில், அதுவும் அரை மணி நேரம்தான். காப்பி கீப்பி எதுவும் இல்லை.

சரோஜாவிடம் சொல்லவில்லை. அவளும் ஒரு நாளும் போட்டுக் காட்டச் சொல்லவில்லை. தப்பித்தேன் என்று இருந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

மேகமூட்டம். பஸ்ஸில் அலோர் காஜா. பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் போடும்படி மாற்றித் தரும் கடை. அங்கே இருக்கும் பெண் பெயர் தேவி, நாற்பது வயது இருக்கும். போட்டுப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது கல்யாணம் இல்லலா. முழுக்க ராக்கு" என்றாள்.

"தெரியும்மா. ஓடட்டும்."

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். கடற்கரையில் புகை விட்டு, இந்த வெயிலில் தோல் சட்டை போட்டுக் கத்தும் நம் ஊர்ப் பையன்கள். கருப்பு வெள்ளையில், ஆளில்லாத ரயில் நிலையத்தில் ஒற்றை டிரம்ஸ்காரன். மழையில் கிட்டார், அந்தக் காலத்தில் டிவியில் அது வரும்போதெல்லாம் சரோஜா, "கரண்டு அடிக்காதா அவனுக்கு?" என்பாள். மின்விசிறி முன்னால் முடியைப் பறக்கவிடும் பாடகன். எத்தனை அழகாக இருந்தான். நானும் அப்படித்தான் இருப்பதாக நினைப்பு.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் திரையில் கோடு கோடாக வந்து, சட்டென்று சாப்பாட்டு மேசை. என் மாமியார். பிறகு மூன்றாவது பாட்டு.

முந்தின பாட்டின் வால் அறுந்துவிடக்கூடாதென்று ஒவ்வொரு பாட்டுக்கும் நிறுத்தி, கேசட்டைக் கொஞ்சம் முன்னால் ஓட்டித்தான் அடுத்ததைப் பதிந்திருந்தேன். அந்த இடைவெளியில் எல்லாம் கல்யாணம் அப்படியே இருக்கிறது. மூன்று வினாடி, நாலு வினாடி.

ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் அவள். சிவப்புச் சேலை, கையில் மைக். "எல்லாரும் சாப்ட்டுட்டுத்தான் போகணும், யாரும்…" அவ்வளவுதான். கிட்டார் வந்துவிட்டது.

நான் கேட்காமலே தேவி திரும்பப் போட்டாள். நான் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

கேசட்டைத் திருப்பித் தரும்போது, "மூலைல டேப் ஒட்டுனீங்களா அங்கிள்? பசை மட்டும் இருக்கு. யாரோ பிச்சிருக்காங்க" என்றாள். காதில் ஏறவில்லை. நாலு வினாடியிலேயே இருந்தேன்.

மார்ச் 14, சனி

மழை. வீடு பெருக்கினேன். வாழை இலை, வெற்றிலை, அவளுக்குப் பிடித்த கச்சான் பூத்தே கடலைப் பொட்டலம்.

கவிதாவிடம் எப்படிச் சொல்வது? நாலு தடவை போனை எடுத்து வைத்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

படையல் முடிந்தது. சொல்லிவிட்டேன்.

"இத்தன வருசமா சொல்லவே இல்லையாப்பா?" என்றாள் கவிதா. அப்புறம் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கழுவினதையே திரும்பக் கழுவினாள்.

பேத்தி மட்டும் லேப்டாப் முன்னால், தேவி மாற்றித் தந்ததைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு. எல்லாரும் சாப்ட்டுட்டுத்தான் போகணும். எல்லாரும் சாப்ட்டுட்டுத்தான் போகணும். குழாய்ச் சத்தம் நின்றது. கவிதா ஈரக் கையோடு வந்து பாப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். போகும்போது கவிதா என் கையைப் பிடித்தாள்.

கேசட்டை அட்டையில் வைக்கும்போது மூலையைப் பார்த்தேன். தேவி சொன்னது சரிதான். பசை மட்டும்.

செலோடேப் இல்லாவிட்டால் அதன் மேல் எதையும் பதியமுடியாது. என் பாட்டு அழியாது. பிய்த்தது நான் இல்லை. கவிதாவுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. வீட்டில் இருந்த இன்னொரு ஆள் யார்?

போட்டுப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் பிய்த்திருக்கிறாள்.

ஒரு தடவை திட்டியிருக்கலாம், சரோஜா. அப்போது குரல் இருந்ததே.