முழங்கால் தகுதிச் சான்று

செவ்வாய் சுரங்க நிலையம். நாள் 61, காலை 8.10
எழுதுவது மருத்துவர் பியூலா. காற்று, தண்ணீர், மின்சாரம் எல்லாம் சரி. சரியில்லாதது என் வலது முழங்கால். பூமியிலேயே தசைநார் அறுந்து, புதிதாக ஒன்று வைத்துத் தைத்த கால். நேற்று துளைப்பொறியிலிருந்து இறங்கும்போது திருகிக்கொண்டது. மற்றவர்கள் போன வாரமே மேலே சுற்றுக்கலத்துக்குப் போய்விட்டார்கள்; மிச்ச வேலையை முடிக்க நான் மட்டும் தங்கினேன். இப்போது லிஃப்டும் பழுது. தரைக்கு ஏற ஏணிதான் வழி. ஏணிக் கதவைத் திறப்பதும் திறக்காததும் மருத்துவ இயந்திரத்தின் இஷ்டம்; கால் ஏறத் தகுதி என்று அது சொன்னால்தான் திறக்கும்.

நாள் 61, முற்பகல் 11.30
பரிசோதனை எளிது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கித் தொடையை அழுத்திப் பிடித்து, கீழ்க்காலை முன்னால் இழுக்க வேண்டும். தசைநார் இருந்தால் எலும்பு டக்கென்று நிற்கும். அறுந்திருந்தால் வழுக்கிக்கொண்டு வரும். எவ்வளவு வழுக்குகிறது என்று மறுகாலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம், இயந்திரத்துக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வலது அதிகம் வழுக்குகிறது, தகுதியில்லை என்றது. தொடையை இறுக்கி ஏமாற்றப் பார்த்தேன். தசையைத் தளர்த்தச் சொல்லிவிட்டுச் சும்மா காத்திருந்தது. அதனிடம் என் ஜம்பம் பலிக்கவில்லை.

நாள் 70, மாலை 4.00
சுற்றுக்கலத்திலிருந்து ஸ்டெனிஸ்லாஸ் பேசினான். "டாக்டரக்கா, உங்கள ஏத்திக்க ஆளில்லா விண்படகு எழுபத்தொன்பதாம் நாள் தரையில வந்து எறங்கும். அத விட்டா அடுத்தது ரெண்டு வருசம் கழிச்சுதான். அதுக்குள்ள கால தேத்திருங்க."
இங்கே சாப்பாடு ஆறு மாதத்துக்குத்தான் இருக்கிறது. அவனுக்கும் அது தெரியும்.

நாள் 76, காலை 9.20
வலதை நம்பாமல் இடதுகாலில் நொண்டிக்கொண்டே திரிகிறேன். நேற்று படியில் சறுக்கி விழுந்தேன். இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. பாரமெல்லாம் அதன் தலையில் விழுந்தால் வீங்காமல் என்ன செய்யும். வெறும் சுளுக்காகத்தான் இருக்கும். ஆனாலும் பயமாக இருக்கிறது.

நாள் 79, மதியம் 1.15
இரு கால்களுக்கும் வித்தியாசம் இல்லை, தகுதி உண்டு என்றது இயந்திரம். கதவு திறந்துவிட்டது. குழந்தை மாதிரி அழுதேன். உடையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.

நாள் 79, குரல் பதிவு, 2.40
ஏணியில் பாதி ஏறிவிட்டேன். இடதை ஊன்றும்போதெல்லாம் முழங்கால் விலகுகிறது. தலைக்கவசக் கண்ணாடியில் அறிக்கையை இப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். வலது கொஞ்சமும் தேறவில்லை. இடதும் அதே அளவுக்கு வழுக்குகிறது; படியில் விழுந்தபோதே அதுவும் அறுந்திருக்கிறது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. வித்தியாசம் இல்லைதான்.
கீழே கதவு மூடிவிட்டது. உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். உள்ளே யாருமில்லை.

குரல் பதிவு, 3.05
ஸ்டெனிஸ்லாஸ்: "படகு கேமராவுல உங்க லைட்டு தெரியுதுக்கா. படகு கிளம்ப பத்து நிமிசந்தான் இருக்கு. ஏன் அங்கயே நிக்கீங்க?"
நிற்கவில்லை, தம்பி. தொங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த உடையின் கனத்துக்குக் கை நழுவு—