புகழ்ந்து இட்ட ஓலைகள்

திரை ஓயாதிருக்க! உப்பு குன்றாதிருக்க! செங்கோல் சாயாதிருக்க!

முத்துக் குளிக்கும் சலாபங்களும் உப்பளங்களும் சூழ்ந்த வெண்ணுரை நாட்டின் அரசி, கடல்காத்த பெருமாட்டி அலைவாய்த்தேவியாரின் திருவாய்மொழிப்படி ஓலைநாயகம் நக்கன் பூதி, மேகந்தோய் குவடுகளையும் மிளகுக்கொடிகளையும் ஆளும் கருமலை வேந்தர் வில்லவதரையர் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் யானைகளுக்கும் தேனடைகளுக்கும் நலமே விளைக. தங்கள் தூதர் செங்கதிரையரும் நலமே. வேளை தவறாமல் வறுத்த மீன் உண்கிறார். சற்றுச் சதையும் போட்டிருக்கிறார். எனினும் அவர் எங்கள் சபையில் குற்றவாளியாக நிறுத்தப்பட்டார் என்பதைத் தங்களுக்கு அறிவிக்க வேண்டியவனாய் இருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் நாட்டில் அரியணை பிறப்பால் வரும். துறைமுகத்தையும் உப்புச் சுங்கத்தையும் ஆளும் நாட்டுநாயகம் பதவியோ குடிகள் இடும் ஓலையால் வரும். போட்டியிடுவோர் தத்தம் குடத்தருகே திரைக்குப் பின்னே அமர்ந்திருப்பார்கள். ஓலையிட வருகிறவர், தாம் தேர்ந்தவரின் குறை ஒன்றை அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டுத்தான் குடத்தில் ஓலையை விடவேண்டும். ஒருவனைத் தலைமேல் தூக்கி வைக்குமுன் அவன் காலில் உள்ள சேற்றையும் பார்த்துவிடு என்பது முன்னோர் வைத்த வழக்கு. இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. தேர்தல் பந்தலுக்குள் பிறநாட்டார் வருவதும் இல்லை. ஆகவே தூதருக்கு இது தெரியாமற் போனதில் வியப்பில்லை.

இம்முறை நின்றவர் இருவர்: படகுவாணிகம் செய்யும் பரவை நங்கையாரும், உப்பளக்காரர் சேந்தன் காரியும். சேந்தன் காரி முன்பே இருமுறை நின்று இருமுறையும் தோற்றவர். ஊரில் அவரை எல்லோருக்கும் பிடிக்கும். ஓலை மட்டும் விழாது. இந்த முறையும் கைநழுவினால் இனி நிற்பதில்லை என்று மனைவி உலகியிடம் சத்தியம் செய்திருந்தார். மலைநாட்டாருக்குச் சுங்கத்தைக் குறைக்கலாம் என்று அவர் ஒருநாள் சந்தையில் சொன்ன சொல் தங்கள் தூதரின் காதுக்குப் போயிற்று. வினை அங்கேதான் முளைத்தது.

தேர்தலன்று காலை முதல் எல்லாம் வழக்கப்படியே நடந்தது. உலகியம்மையே வந்து, "வீட்டுல ஒரு வேல சொன்னா இவருக்குக் காது கேக்காது" என்று சொல்லி ஓலையிட்டுப் போனார். பிறகு எங்கள் உடை உடுத்தி, எங்கள் பேச்சும் பழகிய ஒருவன் வந்தான். "கருணைக் கடலே! கொடைக்கு இன்னொரு கர்ணனே!" என்று கைகூப்பி ஓலையை விட்டான். சேந்தன் காரிக்கு உள்ளம் குளிர்ந்தது. அதை அவரே பின்பு சபையில் ஒளிக்காமல் சொன்னார். பெற்றவள்கூட அவரை அப்படிச் சொன்னதில்லையாம். அடுத்தவனும் புகழ்ந்தான். மூன்றாமவன் அவருடைய மூக்கழகைப் பாடினான். அந்த மூக்கைப் பார்த்த எவனும் அப்படிப் பாடமாட்டான், வேந்தே! இவை கள்ள ஓலைகள் என்று சேந்தன் காரிக்குப் புரிந்துவிட்டது.

திரைக்கு வெளியே முழவு முழங்கியது. புகழ்ச்சி கேட்டது அவர் ஒருவர் காதில்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆயுள் முழுதும் ஆசைப்பட்ட பதவி மடியில் விழும். எழுந்து சொன்னால், கள்ள ஓலையும் நல்ல ஓலையும் ஒரே குடத்தில் கலந்துவிட்டதால் எல்லாமே போகும். கள்ள ஓலை விழுந்த குடத்தை உடைக்கவேண்டும், குடம் உடைந்தால் அதிலுள்ளவை செல்லா என்பது சட்டம். நான்காமவன் வாயைத் திறக்குமுன் குடத்தைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தார்.

"யார்றா நீங்க? எங்க ஊர்க்காரன் எவன்டா என்னைய நல்லவன்னு சொல்லுவான்?"

அவர் போட்ட சத்தத்தில் முழவும் நின்றுவிட்டது. வந்தவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். மலையேறிப் பழகிய கால்களுக்கு மணலில் ஓட வரவில்லை. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வலையை வீசிச் சுருட்டிவிட்டார்கள். உடை கொடுத்ததும், ஓலை கொடுத்ததும், பாட்டுச் சொல்லிக் கொடுத்ததும் செங்கதிரையரே என்று பிடிபட்டவர்கள் வலைக்குள் இருந்தபடியே சொல்லிவிட்டார்கள்.

பரவை நங்கையார் போட்டியின்றி வென்றதாக முரசறையப் போனார்கள். அந்த அம்மையாரோ, "ஒடஞ்ச குடத்து மேல ஏறி உக்காந்தா எனக்குத்தான் குத்தும்" என்று சொல்லி, மீண்டும் தேர்தல் வைக்கச் சொன்னார். வாழ்க அவர் குலம்!

மறுதேர்தலில் சேந்தன் காரியின் குடத்துக்கு முன் நின்ற வரிசை கலங்கரை விளக்கம் வரை நீண்டது. "நல்ல குடத்த ஒடச்சான், அறிவிருக்கா?" என்றார் ஒருவர். "முன்கோபி" என்றார் மற்றொருவர். "சபையில உக்காந்தா கொறட்ட" என்றார் இன்னொருவர். சில்லு கிழித்த கையில் கட்டோடு அமர்ந்து, அத்தனை வசவையும் கேட்டுக் கேட்டு அந்த மனிதர் குழந்தைபோல் அழுதார். மகிழ்ச்சியால்தான் அழுதார். அவரே வென்றார்.

இனி வழக்கு. பிறநாட்டுத் தூதராய் வந்து எங்கள் குடிகளின் தீர்ப்பில் கைவைத்ததாகவும், ஆளை மாற்றி அனுப்பியதாகவும், கள்ள ஓலை இடுவித்ததாகவும் செங்கதிரையர்மேல் சாட்டிய குற்றங்கள் அனைத்தும் பெருஞ்சபையில் ஐயமற மெய்ப்பட்டன. பழைய சட்டப்படி துடுப்பில்லாத தோணியில் ஏற்றிக் கடலில் விடவேண்டும். புதிய நாட்டுநாயகமே எழுந்து உயிர்ப்பிச்சை கேட்டார். ஆகவே கூலிக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பொதி உப்புக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டோம். தூதருக்கு மட்டும் சபை விதித்த தண்டனை இது: எங்கள் வழக்கத்தைக் கெடுத்தவர், அதே வழக்கப்படி தம் வேந்தரின் குறை ஒன்றைச் சபையில் வாய்விட்டுச் சொன்னால், அன்றே விடுதலை.

அன்றுமுதல் தினமும் சபைக்கு வருகிறார். தங்களுக்குக் குறையே இல்லை என்று சத்தியம் செய்கிறார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார். ஊர் திரும்பினால் தலை தங்காது என்று அஞ்சுகிறார் போலும். ஆதலால், வேந்தர் தம் குறை ஒன்றைத் தம் கையாலேயே எழுதி, முத்திரையிட்டு விரைவில் அனுப்பி, இவரை மீட்டுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் அரசியாரின் ஆணையும் வேண்டுகோளுமாம்.

வலைவீசிப் பிடித்த பெண்கள் தினமும் என்னிடம் ஒன்று கேட்கிறார்கள். எனக்கு விடை தெரியாததால் தங்களையே கேட்கிறேன், பொறுத்தருள்க: "பாவம்யா அந்த ராசா. உரிமையோட திட்டுறதுக்கு அந்த ஊர்ல அவருக்கு ஒருத்தருமா இல்ல?"

அலையும் மலையும் உள்ளளவும் இரு நாடும் வாழ்க. நண்டு முத்திரை இட்டு விடுக்கப்பட்டது.